வீட்டில் டேகேர் நடத்துகிறீர்களா? செக் திரும்பினால், ஃபீஸ் இழுத்தடித்தால் என்ன செய்வது

சென்னையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் டேகேர் நடத்துகிறேன். ஒரு குழந்தையின் அப்பா மூன்று மாத பாக்கிக்குக் கொடுத்த 27,000 ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. அதன் பிறகு வங்கி, தபால் ஆபீஸ், வக்கீல், கோர்ட் வளாகம் என்று அலைந்ததில் ஒன்று புரிந்தது. சட்டம் நம் பக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது நாள் கணக்கில் ஓடுகிறது, நாமோ முகத்தாட்சண்யத்தில் ஓடுகிறோம். "பாவம், அடுத்த வாரம் தருவாங்க" என்று விட்ட வாரங்களில்தான் நம் உரிமை கைநழுவுகிறது. புதிதாக டேகேர் ஆரம்பிப்பவர்கள் யாரும் இந்த அலைச்சலை முதலிலிருந்து படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இங்கே சொல்வது எல்லாம் இந்தியாவில் உள்ள சட்டமும் நடைமுறையும்.

1. குழந்தையைச் சேர்க்கும் அன்றே காகித வேலையை முடித்துவிடுங்கள்

பணம் வராமல் போவது ஆறாவது மாதத்தில் நடக்கும், ஆனால் அதற்கான காரணம் முதல் நாளில் இருக்கும். வாய்ப்பேச்சில் ஃபீஸ் சொல்லி, போன் நம்பர் வாங்கி, குழந்தையை உள்ளே விட்டுவிடுகிறோம். பின்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றால் அந்த வீட்டுக் கதவு எண் கூட நம்மிடம் இருக்காது.

சேர்க்கைப் படிவத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: அப்பா, அம்மா இருவர் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி, இப்போதைய முகவரி, சொந்த ஊர் முகவரி, வேலை பார்க்கும் இடத்தின் முகவரி, இருவரின் போன் எண், மின்னஞ்சல். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரே இரவில் காலி செய்துவிட்டுப் போகலாம், அதனால் சொந்த ஊர் முகவரியை விடாதீர்கள். ஆதார் நகல் வாங்கினால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்தே வாங்குங்கள்.

இரண்டாவது காகிதம் கட்டண விதிகள். ஒரு பக்கம் போதும், வக்கீல் மொழி வேண்டாம். மாதக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் (நான் 5ஆம் தேதி என்று வைத்திருக்கிறேன்), தாமதமானால் நாளுக்கு எவ்வளவு, மாலையில் குழந்தையை நேரம் தாண்டி அழைத்துப்போனால் எவ்வளவு, குழந்தை விடுமுறையில் இருந்தாலும் கட்டணம் உண்டா, நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், செக் திரும்பினால் வங்கி பிடிக்கும் தொகையை யார் கட்டுவது. இத்தனையும் எழுதி, இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தாமதக் கட்டணத்தை நியாயமாக வையுங்கள். 9,000 ரூபாய் ஃபீஸுக்கு நாளுக்கு 50 ரூபாய் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாளுக்கு 500 என்று எழுதினால் பயமுறுத்தலாம், நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிற்காது.

மூன்றாவது, ஒரு மாதக் கட்டணத்தை டெபாசிட்டாக வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டெபாசிட்டைப் பணமாகவோ கணக்கில் வரவாகவோ வாங்குங்கள், செக்காக வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். பணம் கையில் இருந்தால்தான் அது டெபாசிட்.

2. வருகைப் பதிவேடுதான் உங்கள் சாட்சி

ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு நாள் என்று தேதி போட்டு, நான்கு பத்தி பிரியுங்கள்: குழந்தையின் பெயர், வந்த நேரம், போன நேரம், அழைத்துப் போனவர் கையெழுத்து. காலை 9.10 உள்ளே, மாலை 6.45 வெளியே, பக்கத்தில் தாத்தாவின் நடுங்கிய கையெழுத்து. இவ்வளவுதான். பின்னால் "அந்த மாதம் என் பிள்ளை வரவே இல்லையே" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கையெழுத்துகளுக்கு மேல் வேறு பதில் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் மதியச் சாப்பாட்டுப் போட்டோக்களையும் அழிக்காமல் வையுங்கள், அவற்றிலும் தேதி இருக்கிறது.

மாதம் பிறந்ததும் பில் அனுப்புங்கள். பணம் வந்ததும் ரசீது கொடுங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். தபால் ஆபீஸில் கேட்டால் கிடைக்கும், ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பணம் எந்த வழியில் வரட்டும்

யுபிஐ அல்லது வங்கி மாற்றம்தான் நமக்கு நல்லது. செக் என்றால் வங்கிக்குப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், திரும்பினால் நம்மிடமும் பிடிப்பார்கள். யுபிஐயில் மாதாமாதம் தானாகக் கழியும் ஆட்டோபே வசதி இருக்கிறது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போடாமலே கழியும், பெரும்பாலான வீட்டு டேகேர் கட்டணம் அதற்குள் அடங்கிவிடும். இதற்கு ஏதாவது ஒரு பேமென்ட் நிறுவனத்தில் வணிகராகப் பதிய வேண்டும், சொந்த எண்ணுக்கு வரும் சாதாரண யுபிஐயில் இது நடக்காது.

யுபிஐயில் ஒரு பொறி உண்டு. "அனுப்பிட்டேன் ஆன்ட்டி" என்று ஸ்கிரீன்ஷாட் வரும். அது பழையதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம், பரிவர்த்தனை தொங்கிக்கொண்டும் இருக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே ரசீது போடுங்கள்.

செக்தான் தருவேன் என்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கலாம். வாங்கும்போது அங்கேயே நின்று பாருங்கள்: தேதி இருக்கிறதா, எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்கிறதா, அடித்தல் திருத்தல் இல்லையே, உங்கள் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கிறதா. டேகேர் பெயரில் செக் எழுதிவிட்டு, கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் போட முடியாது. கையெழுத்து யாருடையது, கணக்கு யாருடையது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் பேசுவது அம்மாவாக இருக்கும், செக் அப்பாவின் கணக்காக இருக்கும். செக் வழக்கில் பொறுப்பு கணக்கு வைத்திருந்து கையெழுத்துப் போட்டவருக்குத்தான். கூட்டுக் கணக்காகவே இருந்தாலும் கையெழுத்துப் போடாத மற்றவரை இழுக்க முடியாது.

வங்கியில் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும்.

4. தேதி தாண்டிவிட்டால்: முதல் இரண்டு வாரம்

கட்டாதவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் இல்லை. வேலை போயிருக்கும், சம்பளம் தள்ளிப்போயிருக்கும், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். ஆனால் யாராக இருந்தாலும் நடைமுறை ஒன்றாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

நான் பின்பற்றுவது இது. 6ஆம் தேதி காலை ஒரு வாட்ஸ்அப் செய்தி, தனியாக, குழுவில் அல்ல: "வணக்கம். ஜூன் மாதக் கட்டணம் 9,000 ரூபாய் இன்னும் வரவில்லை. 10ஆம் தேதிக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது சிரமம் இருந்தால் சொல்லுங்கள்." கடைசி வரி முக்கியம். உண்மையான கஷ்டம் இருப்பவர்கள் அந்த வரிக்குத்தான் பதில் போடுவார்கள். 10ஆம் தேதி போன், பேசியதைச் சுருக்கி உடனே ஒரு செய்தி: "இன்று பேசியபடி 14ஆம் தேதி கட்டுவதாகச் சொன்னீர்கள்." 15ஆம் தேதி எழுத்தில் அறிவிப்பு, டெபாசிட் தீரும் நாள் இன்னது, அதற்குப் பின் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்று நாளைக் குறிப்பிட்டு.

கடைசியாகச் சொன்னது மனதுக்குக் கஷ்டமான காரியம். இரண்டு வருடமாக நம் மடியில் தூங்கிய குழந்தை அது. ஆனாலும் பாக்கி டெபாசிட்டைத் தாண்டும் முன்னால் நிறுத்திவிட்டால், யாரும் கோர்ட் வாசல் மிதிக்க வேண்டியதே இல்லை. ஆயாவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும், பால்காரர் தவணை சொன்னால் கேட்க மாட்டார்.

கஷ்டம் உண்மை என்று தெரிந்தால் தவணைக்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில்: இன்ன தேதி வரை இவ்வளவு பாக்கி என்று ஒப்புக்கொள்கிறேன், இன்னின்ன தேதிகளில் இவ்வளவு கட்டுகிறேன், கையெழுத்து, தேதி. பணம் வசூலிக்கச் சிவில் வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று வருடம் அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும்.

செய்யவே கூடாத மூன்று. பணம் கட்டினால்தான் குழந்தையை அனுப்புவேன் என்று மாலையில் பிடித்து வைக்காதீர்கள், அது குற்றம், உங்கள் மேல் போலீஸ் புகார் வரும், வருவதும் நியாயம். பெற்றோர் குழுவில் பெயர் போட்டு "இவர்கள் கட்டவில்லை" என்று எழுதாதீர்கள், அவதூறு நோட்டீஸ் நமக்கு வரும். குழந்தை காதுபட ஃபீஸ் பேச்சை எடுக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும்.

5. செக் திரும்பியது என்று தெரிந்த அன்றே

2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் வேகமாகிவிட்டது. வேலை நேரத்தில் வங்கிகள் செக்கை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். அதனால் பெரும்பாலும் அன்று மாலையே குறுஞ்செய்தி வந்துவிடும்.

குறுஞ்செய்தி போதாது. கிளைக்குப் போய் அசல் செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் கேட்டு வாங்குங்கள். மெமோ என்பது செக் ஏன் திரும்பியது என்று வங்கி தரும் சின்னச் சீட்டு. அதில் செக் எண், தொகை, காரணம், தேதி, வங்கியின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த முதல் சீட்டில் முத்திரை இல்லை, கவுன்டரில் இருந்தவர் "இதுவே போதும்மா" என்றார், வக்கீல் போதாது என்று திருப்பி அனுப்பினார். வங்கியின் அதிகாரபூர்வக் குறி உள்ள மெமோவைக் கோர்ட் அப்படியே ஏற்றுக்கொள்ளும், வங்கி அதிகாரியைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அதனால் முத்திரை விழும் வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள். மெமோ உங்கள் கைக்கு வந்த தேதியை அதன் நகலில் எழுதிவையுங்கள்.

மெமோவில் உள்ள காரணத்தைப் படியுங்கள். கணக்கில் போதிய பணமில்லை, கணக்கு மூடப்பட்டது, கொடுத்தவரே பணம் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தார், கையெழுத்து ஒத்துவரவில்லை என்ற காரணங்களில் எதுவாக இருந்தாலும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவுக்குள் கொண்டுவர முடியும் என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. தேதி தவறு, எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பது போன்ற காரணம் என்றால் அது வேறு சங்கதி, புது செக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வங்கி உங்களிடமும் ஒரு தொகை பிடிக்கும். வங்கிக்கு வங்கி மாறும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அந்த வரி உள்ள பாஸ்புக் பக்கத்தை நகல் எடுத்துவையுங்கள், விதிகளில் எழுதியிருந்தால் அதையும் கேட்கலாம்.

6. மறுபடி போடலாமா?

"திங்கட்கிழமை பணம் ஏறிடும், மறுபடி போடுங்க" என்பார்கள். போடலாம். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புது மெமோ, நோட்டீஸ் அனுப்பப் புது 30 நாள். ஒரு முறை நம்பிப் போடுங்கள். இரண்டாவது முறையும் திரும்பினால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம், நோட்டீஸ்தான். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் நம் தலையில்தான் விழுகிறது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது, நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். 27,000 ரூபாய் செக் கையில் இருக்கும்போது அவர் 10,000 ரூபாயை யுபிஐயில் அனுப்புகிறார். நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். இப்போது உண்மையான பாக்கி 17,000, ஆனால் செக் 27,000. அந்த முழுத்தொகை செக்கை வங்கியில் போட்டு அது திரும்பினால் 138 வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செக்கைப் போடும் நாளில் பாக்கி எவ்வளவோ அதுவே செக்கிலும் இருக்க வேண்டும். ஆகவே பகுதிப் பணம் வாங்கினால் கையோடு பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிக்குப் புது செக் வாங்குங்கள்.

இதே மாதிரி இன்னொன்று, நம் தொழிலுக்கே உரியது. நாம் முன்பணமாக ஃபீஸ் வாங்குகிறோம். ஆகஸ்ட் மாதத்துக்கான செக்கை ஜூலையிலேயே கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் குழந்தை ஒரு நாளும் வரவில்லை என்று வையுங்கள். பார்த்துக்கொள்ளாத மாதத்துக்கு அவர் நமக்குக் கடன்பட்டவர் ஆகிறாரா என்பதே முதல் கேள்வியாகிவிடும், 138 பிரிவு சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்கு மட்டுமே. பார்த்து முடித்த மாதங்களின் பாக்கிக்கு வாங்கிய செக் என்றால் நம் கை ஓங்கியிருக்கும், அங்கேதான் அந்த வருகைப் பதிவேடு பேசும்.

7. நோட்டீஸ்: 30 நாள்

மெமோ கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நாமே அனுப்பலாம். ஆனாலும் வக்கீல் மூலம் அனுப்புவதே நல்லது, ஏனென்றால் பாதிப் பேர் வக்கீலின் முகப்புத் தாளைப் பார்த்ததுமே கட்டிவிடுகிறார்கள். நான் விசாரித்த இடங்களில் நோட்டீஸுக்கு மட்டும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை சொன்னார்கள், முதலிலேயே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் இருக்க வேண்டியவை: எந்த மாதங்களின் கட்டணத்துக்காகக் கொடுத்தது, செக் எண், தேதி, தொகை, எந்த வங்கி, நீங்கள் போட்ட தேதி, திரும்பிய காரணம், மெமோ தேதி, இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை. கேட்கும் தொகை செக்கில் உள்ள அதே தொகையாக இருக்க வேண்டும், ஒரு ரூபாய் கூடவோ குறையவோ கூடாது. தாமதக் கட்டணம், வங்கிப் பிடித்தம், வக்கீல் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போய்விடும். கேட்டே ஆக வேண்டும் என்றால் தனி வரியில் தனித்தொகையாகக் கேளுங்கள். தட்டச்சில் ஒரு பூஜ்ஜியம் மாறினாலும் பிரச்சினைதான், அனுப்பும் முன் செக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியும் பட்டுவாடா சான்றும் வேண்டும் என்று கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் சாதாரணமாக அனுப்பிவிடுவார்கள். தெரிந்த எல்லா முகவரிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். கூடவே வாட்ஸ்அப், மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும், அது கூடுதலுக்குத்தான், தபாலுக்குப் பதில் அல்ல. ரசீதையும், கண்காணிப்பு எண்ணைப் போட்டால் வரும் பட்டுவாடா விவரத்தின் அச்சையும் பத்திரப்படுத்துங்கள், சில மாதங்கள் கழித்து அது இணையத்தில் கிடைக்காது. சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தாலும், கதவு பூட்டியிருந்தது என்று திரும்பினாலும், கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

8. 15 நாள் பொறுங்கள், அப்புறம் ஒரு மாதம்

நாள் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், இதில்தான் குழப்பமே. மெமோ மார்ச் 4 கிடைத்தது என்றால் நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 3. நீங்கள் மார்ச் 12 அனுப்பி, அவருக்கு 14ஆம் தேதி கிடைத்தால், 29ஆம் தேதி வரை அவருக்கு நேரம். அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை, முடிந்தது. கட்டாவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும், இந்த உதாரணத்தில் ஏப்ரல் 29ஐக் கடைசி என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. 15 நாள் முடியும் முன்னே அவசரப்பட்டுப் புகார் போட்டால் அது செல்லாது. கெடு தாண்டிப் போட்டால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அது கோர்ட்டின் விருப்பம்.

இந்தக் காலத்தில் போன் வரும், சமாதானம் பேசுவார்கள், "நோட்டீஸ் எதுக்குக்கா, நமக்குள்ள என்ன" என்பார்கள். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் காலண்டரில் வட்டம் போட்ட தேதியை மாற்றாதீர்கள். நாட்கள் நகர்ந்துகொண்டே இருப்பது அவருக்கு லாபம், நமக்கு நஷ்டம்.

9. புகார் போடுவதா வேண்டாமா

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், 138 வழக்கு நேரடியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடுவது. எந்த ஊர் கோர்ட் என்றால், நீங்கள் செக்கைப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் கோர்ட். 2015 திருத்தத்துக்குப் பிறகு இப்படித்தான். அவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் அவர்தான் இங்கே வர வேண்டும்.

தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் 2018 முதல் கோர்ட்டுக்கு உண்டு. செக் கொடுத்ததும் கையெழுத்தும் உறுதியானால், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

இத்தனை இருந்தும் என் கருத்து: ஒரு மாத ஃபீஸுக்காக வழக்குப் போடாதீர்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் வருடக்கணக்கில் போகிறது. வாய்தா நாளில் நாம் போகாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம், போனால் அன்று குழந்தைகளை யார் பார்ப்பது? மாற்று ஆள் வைத்தால் அதற்கு ஒரு செலவு. தனியாக நடத்துபவர்களுக்கு இதுதான் நிஜமான கோர்ட் செலவு. பாக்கி 25,000, 30,000 என்று போனால், அல்லது ஆள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் போடுங்கள், தயங்காதீர்கள்.

செலவைப் பற்றிப் பயப்படும் பெண்களுக்கு ஒரு செய்தி, இது எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987 பிரிவு 12இன்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ வட்டக் குழுவோ இருக்கும். அடையாள அட்டை, செக், மெமோ நகல்களோடு போய் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

அங்கேயே லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) பற்றியும் கேளுங்கள். வழக்குப் போடும் முன்னாலேயே அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை, இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. சின்னத் தொகைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே எச்சரிக்கை, லோக் அதாலத் தேதிக்காகக் காத்திருந்து 138 கெடுவைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

10. கம்பெனி கட்டும் ஃபீஸ் என்றால்

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஊழியர்களின் குழந்தைகளுக்குக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பதால், சில நிறுவனங்கள் நம்மைப் போன்ற டேகேர்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. பெற்றோர் கட்டுவதற்குப் பதில் நிறுவனம் கட்டும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். இதற்கு மருந்து உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும், பணம் கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள், பின்னால் பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவாது. பதிந்திருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கட்ட வேண்டும். இது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் உள்ளது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் புரியும்.

11. பணம் வந்து முடிக்கும்போது

எந்தக் கட்டத்திலும் சமாதானமாகலாம், வழக்கு நடக்கும்போதும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 147ஆம் பிரிவில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகே செக்கைத் திருப்பிக் கொடுங்கள். சமாதானத்துக்காக இன்னொரு செக் கொடுத்தால், அது காசாகும் வரை பழைய செக்கும் மெமோவும் உங்களிடமே இருக்கட்டும். கொடுக்கும்போது "இன்ன செக் எண், இன்ன மாதங்களின் கட்டணம், முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை" என்று இரண்டு நகல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வழக்கு எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். டெபாசிட்டில் கழித்த தொகை இருந்தால் அந்தக் கணக்கும் அதே தாளில் வரட்டும். அந்தக் குழந்தையின் கோப்பு, வருகைப் பதிவேடு, தபால் ரசீதுகள் எல்லாவற்றையும் குறைந்தது மூன்று வருடம் எடுத்துவையுங்கள்.